ஈப்போவில் ஒரு குடித்தனம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எந்த ஊரில் போய் உட்காருவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் ஓடிற்று. சிங்கப்பூரில் இருபத்தாறு வருஷம் உழைத்தாயிற்று. அங்கேயே இருந்துவிடலாமென்றால், நாங்கள் இருந்த சிறிய ஃபிளாட்டுக்கு மாத வாடகை மட்டும் 2,200 டாலர். சம்பளம் நின்ற மறு மாதமே சேமிப்பில் கை வைக்க வேண்டி வரும். சொந்த ஊரான திருச்சிக்குத் திரும்பலாமென்றால், மகளும் பேரனும் சிங்கப்பூரில். வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்தாலே பெரிசு. ஆகவே இரண்டுக்கும் நடுவில், செலவு கட்டுப்படியாகிற, சின்னதாக ஒரு வெளிநாட்டு ஊர் கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தோம்.

என் கணவர் எதற்கும் கணக்கு நோட்டுப் போடுகிறவர். இதற்கும் ஒரு நோட்டுப் போட்டார். ஊர்ப் பெயர், வாடகை, பாங்க் வட்டி, வரி, வெயில், மழை என்று கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து எழுதினார். நான் அதை வாங்கி, கடைசியில் இன்னொரு கட்டம் போட்டு, "நம்மில் ஒருவர்தான் இருந்தால்?" என்று எழுதினேன்.

"என்னம்மா, நல்ல காரியம் பேசும்போது அபசகுனமா எழுதறே?" என்றார்.

"அபசகுனம் இல்லைங்க. இதுவும் கணக்குதான். நாளைக்கு நான் தனியா நின்னா அந்த ஊர்ல இருக்க முடியுமா? நீங்க தனியா நின்னா உங்களால முடியுமா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தை அடிக்கவும் இல்லை.

சகோதரிகளே, நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். ஊர் பார்க்கும்போது ஆண்கள் இருவரும் சேர்ந்து வாழப் போகும் நாட்களை மட்டுமே பார்க்கிறார்கள். பெரும்பாலும் கணவரைவிட மனைவி வயதில் சின்னவள். ஆயுசும் பெண்களுக்குச் சற்று ஜாஸ்தி. அந்தக் கடைசி வருஷங்களைத் தனியாக ஓட்டப் போகிறவள் யாரோ, அவள் கண்ணால் அல்லவா ஊரைப் பார்க்க வேண்டும்?

முதலில் என் கணவருக்குப் பிடித்தது தாய்லாந்தில் இருக்கும் சியாங் மாய். மலை சூழ்ந்த ஊர். மார்கழி மாதத்தில் ஸ்வெட்டர் போடலாம். ஐம்பது வயது தாண்டியவர்கள் அந்த நாட்டு பாங்க்கில் எட்டு லட்சம் பாட் போட்டுக் காட்டினால் வருஷா வருஷம் தங்க அனுமதி உண்டு. ஒரு மாதம் போய்த் தங்கிப் பார்த்தோம். சாமான் மலிவு, ஜனங்களும் சாது. ஆனால் மருந்துச் சீட்டிலிருந்து பஸ் போர்டு வரை எல்லாம் தாய் எழுத்து. சுற்றுப்புறத்தில் வயலையும் காட்டையும் கொளுத்துவதால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஊரையே புகை மூடிவிடும். அவருக்கோ இளைப்பு உண்டு. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. பாதி ராத்திரியில் எனக்கு நெஞ்சு வலித்தால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி என்ன பாஷையில் சொல்லுவேன்?

அடுத்து பினாங்கு. தமிழுக்குப் பஞ்சமில்லை, கோயில் உண்டு, நல்ல ஆஸ்பத்திரிகள் உண்டு. 2008-இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. அதன் பிறகு வெளியூர்க் கூட்டம் பெருகி வாடகையும் ஏறிவிட்டது. கார் நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. ஊர் நல்ல ஊர்தான். எங்கள் பைக்குத்தான் பெரிசு.

பினாங்கிலிருந்து கோலாலம்பூர் திரும்பும் வழியில்தான் ஈப்போவில் இரண்டு நாள் இறங்கினோம். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆயிற்று.

ஈப்போ மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தலைநகரம். கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரம். எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புக்கல் மலை தெரியும். செங்குத்தாக, மேலே பச்சைக் கொண்டை வைத்தாற்போல் நிற்கும். ஏழு லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் இருக்கிறார்கள். ஆனால் பரபரப்பு கிடையாது.

இவ்வளவு வசதியான ஊர் ஏன் இவ்வளவு மலிவாக இருக்கிறது என்று எனக்கு முதலில் சந்தேகமாகத்தான் இருந்தது. விசாரித்தபோது காரணம் புரிந்தது. இது ஈயத்தால் எழும்பிய ஊர். கிந்தா பள்ளத்தாக்கில் மண்ணைத் தோண்டினால் வெள்ளீயம். அந்தப் பணத்தில்தான் அகலத் தெருக்களும் பங்களாக்களும் பள்ளிக்கூடங்களும், 1917-இல் கட்டி முடித்த மாளிகை போன்ற ரயில் நிலையமும் வந்தன. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன. இளசுகள் பிழைப்புத் தேடி கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஊர் மட்டும் அப்படியே நின்றது. நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். குடும்பம் வெளியூர் போய்விட்டாலும் தேக்குத் தூண் அப்படியே நிற்கும் அல்லவா? ஈப்போவும் அந்த மாதிரிதான். வசதி பணக்கார ஊரின் வசதி. வாடகை மட்டும் சின்ன ஊர் வாடகை.

ஆனால் நோட்டில் என்னுடைய கட்டம் பாக்கி இருக்கிறதே! அந்த இரண்டு வாரத்தில் ஊரைச் சுற்றிப் பார்த்ததைவிட, அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் நான் அலைந்தேன்.

முதலாவது, பாஷை. புந்தோங் என்று ஒரு பேட்டை. தமிழர்களும் சீனர்களும் கலந்து வாழும் இடம். முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை என்று வீட்டுக்கு வீடு செய்து நாடு முழுவதும் அனுப்புகிறார்கள். மலாய் மொழியில் அந்த இடத்துக்குப் பெயரே 'கச்சாங் பூத்தே' கிராமம், அதாவது கடலைக் கிராமம். அங்கே ஒரு கடையில் நுழைந்ததும், "பசியாறிட்டீங்களா அம்மா?" என்று கேட்டார்கள். சாப்பாடு போடப் போகிறார்களோ என்று நான் விழித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது இங்கே 'சௌக்கியமா' என்பது போல! காலை ஆகாரத்துக்குப் 'பசியாறுவது' என்று பெயர். ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறார்கள். "தோசை ரெண்டு வெள்ளி" என்று கேட்கும்போதே காதுக்கு இதமாக இருந்தது.

இரண்டாவது, காலால் போக முடிகிற தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்பது. நாங்கள் பார்த்த வீட்டிலிருந்து மளிகைக் கடை ஆறு நிமிஷ நடை. கிளினிக் பத்து நிமிஷம். இதை வீட்டுக்காரர் சொல்லி நம்பவில்லை. கையில் பையோடு, வெயிலில், நானே நடந்து பார்த்தேன்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியும் தனியார் ஆஸ்பத்திரிகளும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சலுகைக் கட்டணம் இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஆகவே மருத்துவ இன்ஷூரன்ஸை முதல் நாளே கணக்கில் சேர்த்தோம். அந்தத் தொகை வயது ஏற ஏற ஏறும். மறந்துவிடாதீர்கள்.

நான்காவது, ஊருக்குப் போகிற வழி. நல்லது கெட்டது என்றால் ஓட வேண்டுமே! கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. ஈப்போவிலிருந்தே சிங்கப்பூருக்கும் உண்டு. மகளிடம் அரை நாளில் போய்விடலாம்.

ஐந்தாவதுதான் நம் பெண்கள் பலர் கேட்கக் கூச்சப்படுவது. தங்கும் அனுமதி யார் பெயரில்? அவர் இல்லாமற்போனால் மற்றவர் கதி என்ன? பாங்க்கில் பணம் இருவர் பெயரிலும் இருக்கிறதா? வாடகைப் பத்திரத்தில் என் பெயர் உண்டா? இந்த நாலையும் நான் அதிகாரியிடமும் பாங்க்கிலும் வாய் விட்டே கேட்டேன். என் கணவர் பக்கத்தில் நெளிந்தார். நெளியட்டுமே!

அந்தச் சமயத்தில் மலேசியாவின் 'மை செகண்ட் ஹோம்' திட்டத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விதிகள் எளிதாக இருந்தன. மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் காட்ட வேண்டும்; 1,50,000 ரிங்கிட் வைப்பு நிதி போட வேண்டும்; பத்து வருஷம் தங்கலாம். அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்த 2017-லேயே விண்ணப்பித்தோம். 2018-இல் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து சேர்ந்தோம்.

இனி செலவுக்கு வருகிறேன். வந்த வருஷம் எங்கள் மாதச் செலவு இது: ஒற்றை மாடி வரிசை வீட்டுக்கு வாடகை 950 வெள்ளி, மளிகை, கறிகாய், பால் 900, மின்சாரம், தண்ணீர், காஸ் 180, காருக்கு 350, டெலிபோன், இன்டர்நெட் 170, இன்ஷூரன்ஸும் மருந்தும் 900, கோயில், ஓட்டல், இதர செலவு 350. ஆக 3,800 வெள்ளி. அப்போது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று வெள்ளி. சிங்கப்பூரில் வாடகைக்கு மட்டும் கொடுத்த பணம் இங்கே 6,600 வெள்ளி ஆகிறது! அதில் முழுக் குடித்தனமும் நடத்தி மீதியும் பிடிக்கலாம். இன்று விலைவாசி ஏறி, அதே குடித்தனத்துக்கு 4,800 ஆகிறது.

அதே நோட்டில் பக்கத்திலேயே 'ஒருவர் மட்டும்' என்று இன்னொரு பத்தி போட்டேன். வாடகை குறையாது, அதே 950. மளிகை 550, மின்சாரம் தண்ணீர் 140, கார் 300, டெலிபோன் 130, மருந்து 450, இதர செலவு 200. கூட்டினால் 2,720. ஆள் பாதியானால் செலவும் பாதியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம், ஆகாது. முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்குகிறது. வருமானமோ பல வீடுகளில் சரிபாதியாகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்த ஊரையும் மலிவு என்று சொல்லிவிடாதீர்கள்.

இங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்லவில்லை. பஸ் வசதி போதாது. தூரத்துக்குப் போக வேண்டுமானால் கார் வேண்டும். ஆகவே ஐம்பத்தேழாவது வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். புதிதாக லைசென்ஸ் வாங்கினவர்கள் இரண்டு வருஷம் காரில் 'பி' என்று ஒட்டிக்கொள்ள வேண்டும். நரைத்த தலையோடு அந்த 'பி'யை ஒட்டிக்கொண்டு நான் போவதைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஊர் தூங்கி வழியும். கொசு உண்டு, டெங்கு பயம் உண்டு. சுமத்ரா காட்டுத் தீயின் புகை 2019 செப்டம்பரில் இங்கேயும் வந்து, பள்ளிக்கூடங்களை மூடும்படி ஆயிற்று.

அந்தக் கட்டத்துக்குப் பரீட்சை 2020-இல் வந்தது. மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு. ஏப்ரலில் சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம். அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். அந்தச் சமயம் பார்த்து என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மகள் சிங்கப்பூரில், எல்லை மூடியாயிற்று. திருச்சியிலிருந்தும் யாரும் வர வழியில்லை.

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு, 'பி' எழுத்தோடு, வெறிச்சென்று கிடந்த சாலையில் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் போலீஸ் மறித்தது. தெரிந்த மலாய் நாலு வார்த்தையும் கையில் கட்டிய துண்டுமாக விஷயத்தைச் சொன்னேன். உடனே விட்டுவிட்டார்கள். கட்டுப் போட்டுத் திரும்பி வந்தபோது, எங்கள் கேட்டில் ஒரு பை தொங்கியது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கஞ்சியும் காய்கறியும் வைத்திருந்தாள். நாங்கள் மாமிசம் சாப்பிட மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். எதிர் வீட்டுத் தமிழ் அக்கா தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, "பசியாறியாச்சாம்மா? அய்யாவுக்குக் கை எப்படி இருக்கு?" என்று குரல் கொடுப்பார். பக்கத்துக் கடைக்காரர் நான் போனிலேயே சொன்ன சாமான்களைக் கட்டி வைத்திருப்பார். ஆறு வாரம் இப்படி ஓடிற்று. கார், கடை, பாங்க், டாக்டர் எல்லாம் நான் ஒருத்தி. அவர் இருந்தார், ஆனால் அந்த ஆறு வாரமும் அவர் இல்லாமல் எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு வெள்ளோட்டம் மாதிரிதான்.

அதே சமயத்தில், இந்தத் திட்டத்தில் வந்து, ஊருக்குப் போயிருந்த பலர், எல்லை மூடியதால் தங்கள் வீட்டுக்கே திரும்ப முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். 2021 ஆகஸ்டில் அரசாங்கம் விதிகளைத் திடீரென்று கடுமையாக்கியது. மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்பு நிதி பத்து லட்சம் ரிங்கிட் என்றார்கள். அந்தச் சில வாரங்கள் எங்களுக்குத் தூக்கமில்லை. பிறகு, பழையவர்களுக்கு இந்தப் பண நிபந்தனை கிடையாது என்று அறிவித்தார்கள், மூச்சு வந்தது. சலுகை விலைப் பெட்ரோல் கூட 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து குடிமக்களுக்கு மட்டும்தான். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் நாடு, அவர்கள் வரிப்பணம். நாம் விருந்தாளி. ஆனால் விருந்தாளி என்பதை வருகிற அன்றே மனசில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அனுமதியின் பத்து வருஷமும் முடிகிற காலம் நெருங்குகிறது. புதுப்பிக்காவிட்டால் திருச்சிக்குப் போய் ஆறு மாதம் குடித்தனம் நடத்துகிற அளவு பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இன்று புதிதாக வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-இல் விதிகள் மறுபடியும் மாறின. மூன்று வகுப்பாகப் பிரித்துவிட்டார்கள். அடியில் உள்ள வெள்ளி வகுப்புக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு நிதியும், குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடும் வாங்க வேண்டும். ஆக, ஊர் மலிவு, வாசற்படிதான் உயரம். விண்ணப்பிக்கிற அன்றைக்கு என்ன விதி என்று அரசாங்க அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு மாதமாவது வந்து தங்கிப் பாருங்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் வந்து போக அனுமதித்து, அதை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். வந்தால் ஓட்டலில் தங்காதீர்கள். ஒரு வீட்டை எடுத்து, சமைத்து, துணி துவைத்து, மார்க்கெட்டுக்கு நடந்து, ஒரு நாளாவது கணவரை வெளியூர் அனுப்பிவிட்டு, ராத்திரி தனியாகப் படுத்துப் பாருங்கள். ஊர் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.

தைப்பூசத்துக்குக் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போவோம். சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் காவடிகளும் பால்குடங்களும் நிறைந்திருக்கும். தமிழ்க் குரல் தவிர வேறு கேட்காது. அங்கே நிற்கும்போது, இந்த ஊரில் நான் தனியாகவும் இருந்துவிடுவேன் என்று எனக்கு நம்பிக்கை வருகிறது.

அப்படியானால் அவர்? கட்டம் இருவருக்கும் பொதுவானதாயிற்றே! முறிந்த கை கூடியதும் அவரைச் சமையலறைக்குள் இழுத்துவிட்டேன். இப்போது குக்கர் வைப்பார், ரசம் வைப்பார், பாசாரில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்தே வாங்குவார். சாம்பார் மட்டும் இன்னும் சரிப்பட்டு வரவில்லை. போன வாரம் எதிர் வீட்டு அக்காவிடம் புளி அளவு கேட்டுக்கொண்டு நின்றாராம். எனக்குத் தெரியாமல்!